குக்கர் கேஸ்கட் போட்ட விளக்குகள்

எங்கள் வீட்டு மாடு ஒரு வாரம் தொட்டித் தண்ணீரைக் குடிக்க மறுத்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். தொட்டிக்குள் நீல வெளிச்சம் இருந்தால் எந்த மாடு வாய் வைக்கும்? கிட்டே வரும், புஸ்ஸென்று மூச்சு விடும், தலையை ஆட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும். உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பதுபோல இருக்கும். கதையை அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அதற்கு மேல் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் பிறந்த வீடு மாகறல் பக்கம். ப்ளஸ் டூ எழுதிய கையோடு ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸில்தான் வளர்ந்தோம் என்று சொல்லலாம். ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை, டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வது, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற ஆராய்ச்சி எல்லாம் அதற்குள்தான். லைனில் எனக்குக் கொடுத்த வேலை சால்டரிங். பூதக்கண்ணாடிக்குக் கீழே கடுகளவு இருக்கும் சாமான்களை ஈயம் வைத்து போர்டில் பிடிக்க வைக்க வேண்டும். ஈயம் கூடினால் பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்துகொள்ளும், குறைந்தால் பிடிக்காது. புதிதாக வரும் பெண்களுக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை. சூப்பர்வைசர் மற்றவர்களை என் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்வார். அந்த மூன்று வருடத்தில் என்னை யாரும் 'யார் வீட்டுப் பெண்' என்று கேட்டதில்லை, 'எந்த லைன்' என்றுதான் கேட்டார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது விட்ட பிறகுதான் தெரிந்தது.

கல்யாணமாகி வந்தது உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே கம்பெனி பஸ் வராது என்றார்கள். வந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டார்கள். பஸ் ஒரு நல்ல சாக்கு, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். வீட்டு வயரிங், பம்புசெட் மோட்டார், திருவிழா வந்தால் சீரியல் செட். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைக் கேட்டு யாரும் அவரைத் திட்டக்கூடாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், எனக்குக் காய்ச்சல் என்றால் அவரே கஞ்சி வைப்பார், அது கஞ்சி மாதிரி இருக்காது என்பது வேறு விஷயம். அவருக்கு இருந்த ஒரே ஆசை, நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒருவராவது 'பரவாயில்லையே' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக மின்கம்பத்தின் உச்சி வரைக்கும் ஏறிவிடுவார்.

அப்போது திருப்புலிவனம் ரோட்டில் மெட்ராஸ்காரர்கள் நிலம் வாங்கிப் பண்ணை பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். சனி, ஞாயிறு கார்கள் வரும், மற்ற நாளில் வாட்ச்மேனும் நாயும். அதில் ஒரு பங்களாவில் நீல டைல்ஸ் போட்ட நீச்சல்குளம். பம்புசெட்டுத் தொட்டியில் முழுகிக் குளிக்கிற ஊரில் அது ஒரு காட்சிப் பொருள். அந்த பங்களாவின் கரண்டு வேலையெல்லாம் இவருக்குத்தான் வரும். ஒருநாள் மதியம் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து, அடுப்படி வாசலில் மெதுவாக இறக்கினார்.

"ஏமே, இத்தப் பாரு. தண்ணிக்குள்ள எரியற லைட்டு. நாலும் பூட்டுச்சி. புதுசு மெட்ராஸ்ல சொல்லி வெச்சித்தான் வாங்கணுமாம். உன்னால ஆவுமான்னு மேனேஜர் கேட்டாரு. பாக்கறேன் சார்னு தூக்கினு வந்துட்டேன்."

"ஆவுமா?"

"எனக்கு ஆவாது. உனுக்கு ஆவும்."

அவர் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. கல்யாணமான நாலு வருடத்தில் எனக்குப் புடவை எடுத்துக்கொடுத்திருக்கிறார், கொலுசு வாங்கிக்கொடுத்திருக்கிறார். எதுவும் எனக்கு அந்த வார்த்தை மாதிரி இனிக்கவில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "சாப்டுட்டு வா, பாக்கலாம்" என்றேன்.

ஒவ்வொரு விளக்கும் குக்கர் மூடி அளவு இருந்தது. முன்னால் தடித்த கண்ணாடி, பின்னால் அலுமினியத் தட்டு, நடுவிலிருந்து நீளமாக ஒரு வயர். எட்டுத் திருகைக் கழற்றித் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. பிளீச்சிங் பவுடர் வாடை. உள்ளே வட்டமாக, வரிசை வரிசையாக எல்.இ.டி. பல்புகள், சிவப்பு, பச்சை, நீலம். பாதிக்கு மேல் கால்களில் களிம்பு ஏறியிருந்தது. தண்ணீர் எங்கே புகுந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் வற்றல்போல இறுகி வெடித்திருந்தது. வயர் நுழைகிற ஓட்டையிலும் பசை விட்டுப்போயிருந்தது.

சீரியல் செட்டு கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். ஒரு வரிசையில் ஒன்று செத்தால் அந்த வரிசையே எரியாது. செத்த ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றினால் மற்றதெல்லாம் உயிரோடுதான் இருக்கும். இரண்டு பென்சில் செல்லைச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு பல்பாகத் தொட்டுப் பார்த்தேன். எரிந்தால் விட்டுவிடுவேன், எரியாததன் பக்கத்தில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி. அவர் மெட்ராஸ் போய், எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெரு முழுக்க அலைந்து, அதே மாதிரி பல்புகள் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அவரிடம் இருந்த சால்டரிங் அயர்ன் மோட்டார் வயருக்கானது, அதன் மூக்கு என் கட்டைவிரல் தடிமன். அதில் செம்புக் கம்பியை இறுகச் சுற்றி நுனியை மட்டும் நீட்டிவிட்டேன். கம்பி நுனி சூடானதும் ஈயம் எறும்பு மாதிரி சின்னதாக வந்து உட்கார்ந்தது.

நாலு வருடத்துக்குப் பிறகு அயர்னைப் பிடிக்கிறேன். கை நடுங்குமோ என்று எனக்கே பயம். நடுங்கவில்லை. அவர் என் பின்னால் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். கம்பெனியில் சூப்பர்வைசர் நிறுத்திவைத்த பெண்களைப்போல.

ரப்பர் வளையம்தான் கிடைக்கவில்லை. விளக்கின் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக்கடை பாயிடம் போனேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி குக்கரும்மா? மூடி கண்ணாடியில கீது, விசிலு எங்க வரும்?"

"விசில் வராத குக்கர் பாய். அஞ்சு லிட்டர் கேஸ்கட் ஒண்ணு குடுங்க, வெச்சிப் பாக்கறேன்."

அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. நாலு கேஸ்கட் வாங்கினேன். நாலு குக்கர் வைத்திருக்கிற பெரிய குடும்பம் என்று பாய் நினைத்திருப்பார். வயர் ஓட்டைக்கு, மீன் தொட்டி ஒட்டுகிற சிலிக்கான் பசை. அது காயும்வரை இரண்டு நாள் வீடு முழுக்கப் புளித்த காடி வாடை அடித்தது.

முதல் விளக்கை மூடியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. பங்களாவிலிருந்து எடுத்து வந்திருந்த டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டி, வாசலிலேயே எரியவிட்டார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிந்தது. அவர் கைதட்டினார். நான் பின்பக்க அலுமினியத்தில் கை வைத்துப் பார்த்தேன், கம்பெனிப் பழக்கம். கொஞ்ச நேரத்திலேயே கையை எடுத்துவிட்டேன், தோசைக்கல்போல ஆகிக்கொண்டிருந்தது. அணைத்து, ஆறவைத்து, மாட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி மறுபடி எரியவிட்டோம். காலையிலிருந்து மதியம் வரை எரிந்த பிறகு தொட்டால் சில்லென்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த விளக்கு புரிந்தது. தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. தண்ணீருக்கு வெளியே எரியவிட்டால் அது தன் சூட்டிலேயே வெந்துபோகும். இதை அவரிடம் சொன்னேன். "மெய்யாலுமா? நல்லவேள சொன்ன" என்றார். இதை எழுதுவது, அவருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்வதற்காக. எனக்கும் தெரிந்திருந்தது.

நாலு விளக்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டுச் சோதித்தோம். மாடு தொட்டியில் வாய் வைக்காத வாரம் அதுதான். பக்கத்து வீட்டுத் தொட்டியில் போய்க் குடித்துவிட்டு வந்து, எங்கள் தொட்டியைப் பார்த்துக் கத்தும்.

அந்த வாரம்தான் அவர் பங்களாவிலிருந்து அந்தச் செய்தியோடு வந்தார். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"மேனேஜர் இன்னா சொன்னாரு தெரியுமா? இந்த ரோட்டுல கீற அத்தினி பங்களாவுலயும் இதே பேஜாராம். எல்லாத்துலயும் தண்ணி எறங்கி லைட்டு பூட்டுதாம். இது நாலும் நின்னுச்சின்னா மொத்தத்தையும் நம்மகிட்டயே குடுத்துடறாராம். செஞ்ச ஆளக் கூட்டியா, பாக்கணும்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"கூட்டியாரேன்னு சொன்னேன். செவ்வாக்கெழம மாட்டறோம் இல்ல, அன்னிக்கி உன்னக் கூட்டினு போறேன். என் சம்சாரம்தான் பண்ணா சார்னு சொல்லுவேன். அவரு மூஞ்சி எப்பிடி ஆவும் பாரு!"

என் சம்சாரம்தான் பண்ணா சார். அன்று பாத்திரம் கழுவும்போது அதை மனதுக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. எங்கள் வீட்டில் ஜன்னல் உள்ள சின்ன அறை ஒன்று உண்டு. அதில் உர மூட்டைகளை அடுக்கியிருந்தோம். அடுத்த நாள் மூட்டைகளையெல்லாம் இழுத்து வெளியே போட்டு, பெருக்கி, ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை போட எவ்வளவு இடம் இருக்கிறது என்று சாண் போட்டு அளந்தேன். ஆறு சாண். மேசைக்கு மேலே ஒரு டியூப்லைட். பஸ் வராவிட்டால் என்ன, வேலை வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், அந்த ஆறு சாண் இடம்.

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தென்னேரியில் என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. இவர் தாய்மாமன், சீர் கொண்டுபோக வேண்டியவர். நாத்தனார் வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் வசதியான ஆட்கள். எங்கள் கல்யாணத்தின்போதே 'மச்சான் எப்பவும் வெறுங்கையோட வர்ற ஆளு' என்று கேலி பேசியவர்கள். அது இவருக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் கொண்டுபோன தட்டுகளில் பட்டுப்பாவாடை, வளையல், பழம், இனிப்பு எல்லாம் இருந்தன. குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவருக்குப் போதவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், சாக்கில் கட்டி வைத்திருந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்த பந்தல்ல கட்டினா எப்பிடி இருக்கும்?"

"வெந்து பூடும். சொன்னேன் இல்ல?"

"ஒரு அரமணி நேரம். பொண்ண உக்கார வெச்சி சுத்தற வரைக்கும். அந்தப் பக்கத்துல ஒருத்தனும் இந்த மாதிரி லைட்டு பாத்திருக்க மாட்டான்மே."

"அடுத்தவங்க பொருளு அது."

"செவ்வாக்கெழம மாட்டிடப்போறோம். யாருக்குத் தெரியப்போவுது?"

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார், என் பேச்சைத் தட்டுகிறவர் இல்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு குழந்தைத்தனமான ஆசை இருந்தது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்குள் இருந்தது, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அங்கே நாத்தனார் வீட்டு ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். பஸ் வராது என்று எனக்குச் சாக்குச் சொன்னவர்கள்கூட இருப்பார்கள்.

"சபையில சொல்லுவியா, நான்தான் பண்ணேன்னு?" என்று கேட்டேன்.

"இன்னாமே, சொல்லாமப் போவேனா?"

"அரமணி நேரந்தான். நானே அணைப்பேன்."

"நீயே அணை."

பந்தலின் நாலு கால்களிலும் நாலு விளக்கு. விளக்கு வைக்கிற நேரத்தில் பெண்ணைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்ததும் அவர் கண்ணைக் காட்டினார், சமையல்கட்டு வாசலோரம் இருந்த சுவிட்சை நான் போட்டேன். பந்தல் முழுக்கச் சிவந்தது, பிறகு பச்சையானது, பிறகு நீலமானது. பெண்ணின் பட்டுப்பாவாடை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பாவாடையாகத் தெரிந்தது. குழந்தைகள் 'ஓ'வென்று கத்தின. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் என் கை பட்டது. எந்தப் பல்பு பழையது, எது நான் வைத்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஆண்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். நான் ஆரத்தித் தட்டோடு பெண்கள் பக்கம் நின்றேன், காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு.

"எங்க வாங்கின மச்சான் இத்த?"

"வாங்கறதா? நம்ம கைவேல."

"நெசமாவா? நீயே பண்ணியா?"

"பின்ன?"

இப்போது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். சரி, கேட்டவன் சின்னப் பையன், பெரியவர்கள் யாராவது கேட்டால் சொல்வார் என்று நினைத்தேன். பெரியவர் ஒருவர் வந்தார், விளக்கை அண்ணாந்து பார்த்தார், இவர் தோளில் தட்டினார். "பரவாயில்லயே நைனா, தாய்மாமன் சீருன்னா இது சீரு" என்றார். என் வீட்டுக்காரர் கண் கலங்கி நின்றதை நான் பார்த்தேன். நாத்தனார் வீட்டுக்காரரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவரிடம் சொல்வார். இல்லாவிட்டால் அதற்கடுத்தவரிடம் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அரைமணி நேரம் எப்போதோ ஆகிவிட்டது. எனக்குத் தெரியும். சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அணைத்துவிட்டால் விளக்கைப் பற்றிய பேச்சு நின்றுவிடும், பேச்சு நின்றால் அவர் சொல்லப்போவதும் இல்லை. அதனால் அணைக்கவில்லை. இன்னும் ஒரு ஆள், இன்னும் ஒரு ஆள் என்று நின்றுகொண்டே இருந்தேன். மற்றவர்கள் மேல் பழி போட எனக்கு நிறைய இடம் இருக்கிறது, ஆனால் அந்த ஒரு மணி நேரம் என்னுடையது.

முதலில் நீலம் போனது. பிறகு பிளாஸ்டிக் கருகுகிற வாடை. கூட்டத்தில் யாருக்கும் அது தெரியவில்லை, பந்தியில் வடை வாடைதான் தூக்கலாக இருந்தது. சட்டென்று கையை நீட்டி அணைத்தேன். "இன்னா அதுக்குள்ள அணைச்சிட்ட?" என்று நாத்தனார் கேட்டாள். கரண்டு ஏறி இறங்குகிறது என்று ஏதோ சொன்னேன்.

மறுநாள் காலை தொட்டியில் போட்டுப் பார்த்தோம். இரண்டு விளக்கு எரியவே இல்லை. ஒன்றில் சிவப்பு மட்டும் மினுக் மினுக்கென்று வந்து நின்றது. நாலாவது ஒரு நொடி எரிந்து அணைந்தது.

"ரெண்டு நாள் டைம் கேளு. பல்பு வாங்கியாந்து மறுபடி மாத்திடறேன்" என்றேன்.

"ஓனரு நாளைக்கி சாயங்காலம் வர்றாரும்மே. விருந்தாளிங்க வர்றாங்க. இன்னா சொல்லி டைம் கேக்கறது?"

"இருக்கறத சொல்லு. பந்தல்ல கட்டினோம், வெந்து பூடுச்சின்னு சொல்லு."

"அவங்க பொருள வூட்டு விசேஷத்துக்குத் தூக்கினு போனேன்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் அந்த கேட்டுக்குள்ள கால் வெக்க முடியுமா?" விளக்குகளைச் சாக்கில் போட்டுக் கட்டினார். பிறகு, "குளத்துல போட்டா எரியும்மே. பெரிய தண்ணி இல்ல?" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லாத பேச்சு அது.

செவ்வாய்க்கிழமை நான் வர மாட்டேன் என்றேன். "கூட்டியாரேன்னு சொல்லிட்டேன், நீ வராம பூட்டா சந்தேகம் வரும்" என்றார். அந்த நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த மயில்கழுத்து நிறப் புடவையைக் கட்டாமல், வேறு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன்.

குளத்தின் நீலம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. தண்ணீரைப் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். இவர் உள்ளே இறங்கி நாலு விளக்கையும் மாட்டினார், தண்ணீர் ஏறும்வரை காத்திருந்தோம். மேனேஜர் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு கரையில் நின்றார். மோசமான ஆள் இல்லை, மேலே பதில் சொல்ல வேண்டிய ஆள். சுவிட்சைப் போட்டார்கள். ஒரு விளக்கில் சிவப்பாக ஒரு கீற்று வந்தது. அவ்வளவுதான்.

"என்னய்யா இது?"

இவர் வயரைத் தொட்டார், டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டார், தொட வேண்டியது எதுவும் இல்லை என்று தெரிந்தே தொட்டார்.

"வீட்டுல எரிஞ்சுதுன்னு சொன்ன? நாலும் எரியுது, வந்து பாருங்கன்னு சொன்னியே?"

"எரிஞ்சுது சார்."

"அப்போ இப்ப என்ன ஆச்சு? சாயங்காலம் ஐயா வராரு. நான் என்ன பதில் சொல்றது? யாருய்யா இதைச் செஞ்சது? ஆளைக் கூட்டிட்டு வான்னேனே, எங்க அந்த ஆளு?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இருந்தது. பிறகு குனிந்துகொண்டு சொன்னார்:

"என் சம்சாரம்தான் பண்ணா சார்."

அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை. தென்னேரிப் பந்தலில் ஒரு மணி நேரம் நின்று நான் கேட்கக் காத்திருந்தது, ஆரத்தித் தட்டு கையில் கனக்கக் கனக்க நின்றது, இதைக் கேட்கத்தான்.

மேனேஜர் அப்போதுதான் நான் ஒருத்தி நிற்பதைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, இவரிடம்தான் சொன்னார். "வீட்டுப் பொம்பளைங்ககிட்ட குடுத்துப் பண்ற வேலையாய்யா இது? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருக்கலாம்ல?"

எனக்கு வாய் இருந்தது. 'நான் செய்ததில் ஒரு குறையும் இல்லை, இது தண்ணீருக்கு வெளியே எரிந்து வெந்தது' என்று ஒரு வரி சொன்னால் போதும். மேனேஜருக்குப் புரிந்திருக்கும், படித்தவர். அடுத்த கேள்வி, 'வெளியே எங்கே எரிந்தது' என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் இவருக்கு அந்த ரோட்டிலேயே வேலை இல்லை. என் வேலையைக் காப்பாற்றினால் இவர் திருடன் ஆவார். இவரைக் காப்பாற்றினால் நான் வேலை தெரியாதவள் ஆவேன். இவருக்கும் இது தெரியும். ஈரம் சொட்டக் கரையில் நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து, கரையில் கிடந்த காலிச் சாக்கை மடித்தேன். மேனேஜர் செல்போனை எடுத்து மெட்ராஸுக்குப் பேச ஆரம்பித்தார். மற்ற பங்களா விளக்குகளைப் பற்றிப் பேச்சே வரவில்லை, வரவும் வராது.

கழற்றிய நாலையும் சாக்கில் கட்டிக்கொண்டு திரும்பினோம். சைக்கிள் கேரியரில் அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில், "இன்னாமே பேசாம வர்ற?" என்றார். "சொல்லிட்டியே, அதான்" என்றேன். அவருக்கு மிதிக்க முடியவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். நானும் இறங்கி நடந்தேன். வீடு வரும்வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஒரு விளக்கைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியாது. எட்டுத் திருகு. பல்புகள் பழுப்பேறி உருகியிருந்தன, ஓரத்தில் ஒன்றிரண்டு கரியாகியிருந்தன. கேஸ்கட் மட்டும் அப்படியே இருந்தது. ஆவிக்கும் சூட்டுக்கும் என்றே செய்தது அது, ஒரு பந்தல் சூடு அதற்கு எம்மாத்திரம்? துணி எடுத்து உள்ளே சுற்றித் துடைத்துப் பார்த்தேன். துணி நனையவில்லை. குளத்துக்கு அடியில் அத்தனை நேரம் கிடந்திருக்கிறது, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

அவர் எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று கவனிக்கவில்லை. காய்ந்த துணியைப் பார்த்தார்.

"தண்ணி எறங்கலயே" என்றார்.

"இல்ல."

மற்ற மூன்றையும் திறக்கச் சொல்வார் என்று நினைத்தேன். துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மாட்டுக்குத் தண்ணி காட்டலயா?" என்று கேட்டுவிட்டு, வெளியே கிடந்த உர மூட்டைகளை ஒவ்வொன்றாக அந்த ஜன்னல் அறைக்குள் தூக்கிப் போட ஆரம்பித்தார், மழை வருகிற மாதிரி இருந்ததால்.

நான் எழுந்து போய்த் தொட்டியை நிரப்பினேன். மாடு வந்து எட்டிப் பார்த்தது. உள்ளே வெளிச்சம் எதுவும் இல்லை. தலையை விட்டு, ஒரே மூச்சில் குடித்தது.